இன்றியமையாமையும் இன்பமும்: 'மாஸ் எஃபெக்ற்' விரிவாக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

காவியங்களிற் கிளைக்கதைகள் பெறும் இடம் பற்றிய ஐயம் தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. கம்பனது யுத்த காண்டத்திலே வீடணன் இராவணனுக்குக் கூறும் இரணியன் கதை வான்மீகத்தில் இல்லாதது. அப்படலத்தை முழுவதுமாக நீக்கிவிட்டாலும் இராமன் கடல் கடப்பதற்கோ இலங்கை வீழ்வதற்கோ யாதொரு தடையும் நேராது. கதைத் தொடர்பு என்னும் அளவுகோல் ஒன்றையே கைக்கொள்வோர் அதனை மிகையென்று தள்ளுதல் கூடும். ஆயினும் கம்பனைக் கற்றோர் எவரும் அதனை இழக்க ஒருப்படார். மறுதலையாக, கதை நகர்வதற்கு வேண்டப்படும் பகுதிகள் சிலவற்றைப் பாலத்தைக் கடப்பவன் போல வாசகன் கடந்து சென்றுவிடுவதும் உண்டு. இன்றியமையாமை வேறு, இன்பம் வேறு என்பது இவற்றால் ஓரளவு புலப்படும். இரண்டுக்கும் இடையிலுள்ள உறவு யாது என்பதே கடினமான வினா.

அவ்வினா வீடியோ விளையாட்டுத் துறையிலே புதியதொரு கோலத்துடன் மீண்டும் தோன்றியுள்ளது. விளையாட்டொன்று வெளிவந்து சில மாதங்கள் கழிந்த பின்னர் அதனோடு இணைத்து விளையாடத்தக்க மேலதிகப் பகுதிகளை நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. முன்னாளில் இவை வேறு தட்டுக்களிற் பதிவு செய்யப்பட்டுக் கடைகளில் விற்பனையாயின. பின்னர் இணையவழியே இறக்கிக்கொள்ளப்படுவனவாயின. விரிவாக்கம் என்ற சொல்லால் இவற்றைச் சுட்டலாம். காவியத்தின் கிளைக்கதைக்கும் விரிவாக்கத்துக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கம்பனை வாங்கியவன் இரணியன் வதைக்கென வேறு காசு கொடுப்பதில்லை. விரிவாக்கமோ விலைப்பட்டியலில் தனியொரு பண்டமாக நிற்பது. ஆகவே, இது கதைக்குத் தேவையானதா, இது மகிழ்ச்சி தருவதா என்ற இரு வினாக்களும் வாங்குபவன் வாயில் ஒரே மூச்சில் எழுகின்றன. விமர்சகர்களும் அவற்றுக்கு ஒரே மூச்சில் விடையளிக்கின்றனர். இரண்டு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காணும் பரீட்சகரைப் போல. அச்சராசரி எதனை மறைக்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் ஆராய்வது பயனுடைத்து.

கனடாவின் எட்மன்ரன் நகரிலுள்ள பயோவெயார் நிறுவனம் ஆக்கிய 'மாஸ் எஃபெக்ற்' என்னும் முத்தொடர் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய உயிரினங்கள் யாவற்றையும் அறுவடை செய்து செல்லும் 'ரீப்பர்' என்னும் இயந்திரப் பேருருக்களை எதிர்த்து, ஷெப்பேர்ட் என்னும் படைத்தலைவர் நடத்தும் போராட்டமே அதன் கதை. ஷெப்பேர்டை ஆணாகவோ பெண்ணாகவோ வகுத்துக்கொள்பவர் விளையாடுபவரே. முதற் பகுதியில் எடுத்த முடிவுகள் இரண்டாம், மூன்றாம் பகுதிகளுக்குக் காவிச் செல்லப்படும் என்பது இத்தொடரின் தலையாய சிறப்பு. முதற் பகுதியில் இறந்த தோழன் மூன்றாம் பகுதியில் வரமாட்டான். அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்பான். இத்தகைய ஆக்கத்திலே ஒரு விரிவாக்கம் கதைக்கு எவ்வளவு வேண்டப்படுவது என்ற கேள்வி ஏனையவற்றிலும் பார்க்கக் கூர்மை பெறுதல் இயல்பு.

2011 மார்ச் மாதத்தில் வெளியான 'அரைவல்' இக்கேள்விக்கு உரைகல்லாக அமையத்தக்கது. இரண்டாம் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் இணைக்கும் பாலமாகவே அது வகுக்கப்பட்டது. பற்றேரியன் இனத்தவரின் சிறையிலிருந்து கென்சன் என்னும் விஞ்ஞானியை மீட்டு வருமாறு ஹக்கெற் என்னும் கடற்படைத் தளபதி ஷெப்பேர்டைத் தனியே அனுப்புகிறார். மீட்கப்பட்ட விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ரீப்பர்களின் கருவியொன்றினால் ஏற்கெனவே மனம் மாற்றப்பட்டவர்கள் என்பது பின்னர் தெரியவருகிறது. ஷெப்பேர்ட் மயக்கத்தில் ஆழ்த்தப்படுகிறார். விழித்தெழும்போது ரீப்பர்கள் வந்துசேரச் சொற்ப நேரமே எஞ்சியுள்ளது. விண்கல் ஒன்றை மோதச் செய்து அண்டவெளிப் போக்குவரத்து நிலையத்தை அழித்தலே அவர்களைத் தாமதப்படுத்தும் ஒரே வழி. அவ்வெடிப்பிலே அக்கதிரவ மண்டலமும் அங்கு குடியேறியிருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பற்றேரியர்களும் மாண்டொழிகின்றனர்.

இதனிலும் பாரிய நிகழ்ச்சி இரண்டாம் பகுதியில் வேறொன்று இல்லை. கதைத் தொடர்பு என்ற அளவிலும் இதற்குக் குறைவில்லை. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஷெப்பேர்ட் பதவி நீக்கப்பட்டுப் பூமியிலே தடுத்து வைக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணமாகக் காட்டப்படுகிறது. இருந்தும் இம்முத்தொடரின் விரிவாக்கங்களுள் மீண்டும் விளையாடும் விருப்பை மிகக் குறைவாகத் தூண்டுவது இதுவென்பதில் விளையாடுவோரிடையே பெரிய கருத்து வேற்றுமை காணப்படவில்லை.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம், கதைச் சுமை மிகுந்து ஆட்டச் சுவை குன்றியது என்பதாகும். இக்காரணம் மேலோட்டமானது. கதைச் சுமை மிகுந்த ஏனைய பகுதிகள் இதே தொடரில் விரும்பி விளையாடப்படுகின்றன. 'அரைவல்' எங்கே தவறுகிறது என்பதை அறிய அதன் நடுவில் வரும் சண்டையொன்றை நோக்குதல் போதும். ரீப்பர் கருவியின் முன்னிலையில் ஷெப்பேர்ட் அலையலையாக வரும் பகைவரை எதிர்த்து நிற்கிறார். திறமை குன்றியவர் இடையிலே வீழ்கிறார். திறமை மிக்கவர் இறுதி அலைவரை தாக்குப் பிடிக்கிறார். அவரையும் அக்கருவியே அடித்து வீழ்த்துகிறது. வென்றாலும் தோற்றாலும் விளைவு ஒன்றே. மயங்கி விழ வேண்டும் என்று கதாசிரியர் தீர்மானித்துவிட்டார். விளையாடுபவரின் கைத்திறன் அத்தீர்மானத்தைத் தொடவும் இயலாது. இறுதியில் பற்றேரியருக்கு எச்சரிக்கை அனுப்ப முயலலாம். அதுவும் இடைமறிக்கப்பட்டு வீணாகும். மூன்று இலட்சம் உயிர்களின் அழிவுக்கு விளையாடுபவர் பொறுப்பாளி ஆக்கப்படுகிறார். பொறுப்புக்கு வேண்டிய தெரிவு மாத்திரம் அவருக்கு வழங்கப்படவில்லை.

நாவலிலோ நாடகத்திலோ விதியின் பிடியில் அகப்பட்ட தலைமகனைக் கண்டு இரங்குகிறோம் என்று எவரேனும் மறுத்துரைக்கலாம். அங்கே இரங்குபவன் வேறு, அகப்பட்டவன் வேறு. இங்கே இருவரும் ஒருவரே. முடிவெடுக்கும் உரிமையை முதன்மையாக வைத்து வளர்ந்த ஒரு கலைவடிவம் மிகப் பெரிய முடிவு வரும் வேளையில் அவ்வுரிமையை மீளப் பெறுமாயின், அதற்குரிய துன்பியற் காரணத்தையாவது அது காட்டியாக வேண்டும். 'அரைவல்' அதனைக் காட்டவில்லை. போதாக்குறைக்கு, இத்தொடரின் உயிர்நாடியான தோழர்களுள் ஒருவரேனும் உடன் இல்லை. நிகழ்ந்ததைக் கண்டு அஞ்சவும் கடியவும் ஆற்றவும் அருகில் ஆளில்லாமையால், அப்பேரழிவு செய்தித்தாளில் வாசிக்கும் ஓர் எண்ணாகவே எஞ்சிவிடுகிறது.

இதனோடு தொடர்புடைய இன்னொரு உண்மை கவனத்துக்குரியது. 'அரைவலை' வாங்காதவர் மூன்றாம் பகுதியைத் தொடங்கும்போது அந்நிலையம் அழிக்கப்பட்டே இருக்கிறது. ஷெப்பேர்டுக்குப் பதிலாக வேறு படைவீரர்கள் சென்று தம் உயிரைக் கொடுத்து அதனைச் செய்து முடித்ததாக அவருக்குக் கூறப்படும். வணிக நோக்கில் இது தவிர்க்க முடியாதது. விரிவாக்கத்தை வாங்காத பெரும்பான்மையோருக்கு அடுத்த பகுதி விளங்காமற் போகும்படி எந்த நிறுவனமும் விடாது. ஆனால் அதன் பொருள் யாது? தனியாக விற்கப்படும் கதைப்பகுதி எதுவும் மெய்யாகவே இன்றியமையாததாக இருத்தல் இயலாது. விளம்பரத்திலே அது கதையின் திருப்புமுனை. அடுத்த பகுதியின் தொடக்கத்திலோ யாரோ செய்து முடித்த காரியம். கதைக்கு முக்கியம் என்று கூறி விரிவாக்கமொன்றைப் பரிந்துரைப்போர் இந்த அரைகுறை இன்றியமையாமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே நிலைமை 2010 செப்ரெம்பரில் வெளியான 'லெயர் ஒஃப் த ஷாடோ புறோக்கர்' என்னும் விரிவாக்கத்துக்கும் உண்டு. முதற் பகுதியிலே கூச்ச சுபாவமுள்ள தொல்லியல் ஆய்வாளராகத் தோன்றிய லியாரா, இரண்டாம் பகுதியில் இரகசியத் தகவல் வாணிபம் செய்யும் கடுமையான பெண்ணாக மாறி நிற்கிறார். அம்மாற்றத்துக்குரிய விளக்கத்தை மூல விளையாட்டுப் போதிய அளவு தரவில்லை. அண்டமெங்கும் வலைவிரித்திருக்கும் தகவல் தரகனை அவர் தேடிச் சென்று அழித்து, அவனது ஆசனத்தில் தாமே அமர்வதை இவ்விரிவாக்கம் கூறுகிறது. இதனை வாங்காதவரும் மூன்றாம் பகுதியில் லியாராவை அவ்வாசனத்திலேயே காண்பார். கதைச் செய்தி என்ற அளவில் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

எனினும் இதனை விளையாடியவருக்கும் விளையாடாதவருக்கும் லியாரா ஒருவரல்லர். செய்தியாக அறிதலும் உடன் சென்று அறிதலும் வேறுவேறு அறிவுகள். விரைந்து செல்லும் வாகனத் துரத்தலும், இடியும் மின்னலும் சூழ்ந்த கலத்தின் மேற்றளத்தில் நடக்கும் சண்டையும் கண்ணுக்கும் கைக்கும் விருந்து. அவற்றுக்கிடையே, துரத்திப் பிடிக்கப்பட்ட வசீர் என்பாள் சாகும் தறுவாயில், கொடியவர்களான சேர்பெரஸ் இயக்கத்தோடு சேர்ந்திருக்கும் ஷெப்பேர்டுக்குத் தன்னைக் குறைகூற என்ன அருகதை உண்டு என்று வினவுகிறாள். மூல விளையாட்டு நேராகக் கேட்கத் தயங்கிய கேள்வி அது. தரகனின் கலத்திலே தோழர்கள் பற்றிய இரகசியக் கோவைகள் கிடைக்கின்றன. அயலவர் கடிதத்தைத் திருடி வாசிக்கும் குறும்பும் கூச்சமும் ஒருங்கே தோன்ற அவற்றை வாசிக்கலாம். இங்கே எது கதை, எது களிப்பு என்று பிரித்துக் காட்டுதல் எளிதன்று.

மூன்றாம் பகுதியின் விரிவாக்கங்களுள் 'புறொம் ஆஷஸ்' பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மூல விளையாட்டு வெளியான 2012 மார்ச் மாதத்து அதே நாளில், பத்து டொலர் மேலதிக விலைக்கு அது விற்கப்பட்டது. சிறப்புப் பதிப்பை வாங்கியோருக்கு மாத்திரம் அது சேர்த்தே வழங்கப்பட்டது. முதற் பகுதி தொட்டு மறைந்த நாகரிகமாகப் பேசப்பட்ட புறோத்தியன் இனத்தின் எஞ்சிய ஒரே மனிதனான ஜாவிக் அதிலேயே கிடைக்கிறான். ஞானிகளாக எண்ணப்பட்டோர் உண்மையிற் பிற இனங்களை அடக்கியாண்ட பேரரசினர் என்பதை அவனது கடுஞ்சொற்கள் வெளிப்படுத்துகின்றன. தொல்பொருளை வைத்துப் பழம்பெருமை புனைவோருக்கு அவன் நல்ல மருந்து. பாத்திரப் படைப்பும் சிறந்தது, கதைக்கும் அவன் வேண்டியவன், அவனோடு திரிவதும் சுவையானது. குற்றம் ஆக்கத்திலில்லை, மூலத்தின் உறுப்பொன்றை அறுத்தெடுத்து அதே நாளில் வேறாக விலைகூறியதிலேயே உள்ளது. ஆக்கத்தின் தரம் பற்றிய தீர்ப்பையும் விற்பனையின் நேர்மை பற்றிய தீர்ப்பையும் அக்கால விமர்சனங்கள் பல ஒன்றாகக் குழப்பின.

மூன்றாம் பகுதியின் முடிவு விளையாடுவோரிடையே எழுப்பிய கொந்தளிப்பு நன்கு அறியப்பட்டது. 2012 ஜூனில் விரிவுபடுத்தப்பட்ட முடிவொன்று இலவசமாக வழங்கப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் 'லெவயத்தன்' விற்பனைக்கு வந்தது. ரீப்பர்களைத் தோற்றுவித்தவர் யார், எதற்காக என்பதை அது விளக்குகிறது: தொன்மையான பேருயிரினம் ஒன்று உயிரிகளுக்கும் இயந்திரங்களுக்கும் இடையிலான பகையைத் தீர்க்க ஓர் அறிவுப்பொறியை அமைத்தது, அப்பொறி அமைத்தவர்களையே முதல் அறுவடையாக்கிற்று. முத்தொடரின் மூலகாரணமே இதிற் கூறப்படுவதால், இன்றியமையாமை என்ற அளவுகோலின்படி முதலிடம் பெறவேண்டியது இதுவே.

'லெவயத்தன்' தரும் இன்பம் அவ்விளக்கத்திலிருந்து பிறப்பதன்று. கொலையுண்ட ஆராய்ச்சியாளரின் கூடத்திலே தடயங்களைத் தேடி இணைக்கும் துப்பறிதல், மனம் வசப்படுத்தப்பட்ட சுரங்கத் தொழிலாளரின் வெறித்த மௌனம், ஒற்றை இயந்திர உடைக்குள் இருந்துகொண்டு ஒளி குன்றக் குன்ற ஆழ்கடலுக்குள் இறங்கும் தனிமை ஆகியனவே நினைவில் நிற்கின்றன. விளக்கம் கிடைத்ததும் அச்சம் குறைகிறது. 2007இல் வந்த முதற் பகுதியிலே சொவரின் என்னும் ரீப்பர், தன் இனத்தின் நோக்கம் மனித அறிவுக்கு எட்டாதது என்று இறுமாந்து கூறி உரையாடலை முறிக்கும் கட்டம் மெய்சிலிர்க்க வைப்பது. அந்த எட்டாமையே அதன் ஆற்றல். ஐந்தாண்டு கழித்து அதற்குத் தாய்தந்தையரைத் தேடிக் கொடுத்தமையால் ரீப்பர் பிழை செய்த பொறியாகச் சுருங்கிற்று. கதைக்கு மிக முக்கியமான செய்தி கதைக்கு ஊறும் விளைக்கலாம் என்பதற்கு இது சான்று.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஒமேகா' பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அது போரும் புகையும் நிறைந்த நீண்ட படையெடுப்பு. நைரீன் என்னும் பாத்திரத்தைத் தவிர அதில் நெஞ்சில் தங்குவது குறைவு.

2013 மார்ச்சில் வெளியான 'சிற்றடெல்' இவை யாவற்றுக்கும் எதிர்முனையில் நிற்கிறது. கதைத் தொடர்பின்படி அதனை விளையாடாதவர் எதனையும் இழக்கார். ஷெப்பேர்டின் உருவில் வார்க்கப்பட்ட இரட்டை ஒன்று கப்பலைக் கவர முயல்கிறது. தோழர் அனைவரும் சேர்ந்து அதனை முறியடிக்கின்றனர். பின்னர் அன்டர்சன் தந்த வீட்டிலே ஒரு விருந்து. சூதாட்ட மண்டபம், போட்டிக் களம், வேடிக்கைப் பேச்சு, தம்மைத் தாமே கேலி செய்தல் எனப் பொழுது கழிகிறது. அவ்வேளையில் பூமி எரிந்துகொண்டிருக்கிறது. கோடிக்கணக்கானோர் மடியும்போது படைத்தலைவர் குளிர்பானம் பரிமாறலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது இயல்பே. ஆயினும் முத்தொடரின் விரிவாக்கங்களுள் மிகப் பலரின் அன்பைப் பெற்றது இதுவே.

இதனைக் கொண்டு, கதை வேண்டாம் களிப்பே போதும் என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். முத்தொடரை அறியாத ஒருவரிடம் 'சிற்றடெலை' மாத்திரம் கொடுத்தால் அவர் சிரிக்க மாட்டார். ரெக்ஸ் கூரையிலிருந்து குதிப்பதும், கறஸ் மதுக்கடையில் அன்னியப் பெண்ணொருத்தியிடம் பேசத் தெரியாது தடுமாறுவதும் ஆறாண்டுக்காலப் பழக்கம் உள்ளவருக்கே நகைச்சுவை. திருமண வீட்டிலே உறவினர் சொல்லும் பழங்கதைக்கு வெளியார் சிரிப்பதில்லை. அவ்வின்பம் கதையின் சேமிப்பிலிருந்தே செலவு செய்யப்படுகிறது. மேலும் அவ்விருந்து வெறுங் கேளிக்கை மட்டுமன்று. இறந்துபோன தேனுக்கு அவனது மகன் முன்னிலையில் அதே வீட்டில் நினைவுக் கூட்டம் நடத்தலாம். விருந்து முடிந்த காலையில் தோழர்கள் துறையிலே நின்று தங்கள் கப்பலை நோக்கும் காட்சி, ஷெப்பேர்ட் கதைக்கு ஆக்கியோர் செய்த பிரியாவிடை. விளையாடுபவருக்கு அது தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. எரியும் உலகை மறந்து நடந்த விருந்து என்பதிலும், எரியும் உலகினாலேயே பெறுமதியடைந்த விருந்து என்பதே பொருத்தம்.

'சிற்றடெல்' குறையற்றதன்று. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஷெப்பேர்ட் இறந்து, சேர்பெரஸ் இயக்கத்தாற் பெருஞ்செலவில் மீண்டும் உருவாக்கப்பட்டவர். அவ்வாறாயின் எழுந்து வந்தவர் பழைய ஷெப்பேர்ட்தானா என்ற கேள்வியைத் தொடர் எங்கணும் ஆழமாக ஆராயவில்லை. தன் உருவையே எதிரில் நிறுத்தும் கதை அக்கேள்விக்கு அருமையான வாய்ப்பு. தோழர்கள் இல்லாத ஷெப்பேர்ட் எப்படியிருப்பார் என்ற குறிப்போடு அவ்வாய்ப்பு நழுவவிடப்பட்டது, எஞ்சியது பகடி. சுவையைக் கெடுக்கும் என்று அஞ்சிக் கனத்தைக் கைவிட்டனர் போலும். அந்தக் கனம் சேர்ந்திருந்தால் விருந்தின் சுவை கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

கதையை அறவே நீக்கிய களிப்பு எத்தகையது என்பதற்கும் இத்தொடரிலேயே சான்றுண்டு. 2009இல் முதற் பகுதிக்கென வந்த 'பினக்கிள் ஸ்ரேஷன்' போர்ப் பயிற்சிக் களம் ஒன்றைத் தவிர வேறெதனையும் கொண்டதன்று. புள்ளி எடுத்தல், முதலிடம் பெறுதல், திரும்பி வருதல். 2021இல் மூன்று பகுதிகளும் விரிவாக்கங்களோடு சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டபோது, இதன் மூலநிரல் பழுதுற்றிருந்தமையால் இதனை மாத்திரம் சேர்க்க முடியவில்லை. அவ்விழப்புக்கு வருந்தியோர் சிலரே. ஏறத்தாழ இதே பயிற்சிக் களம் 'சிற்றடெலிலும்' உண்டு. பழைய தோழர் சிலரையும் அழைத்துச் சென்று ஆடக்கூடியதாக இருப்பதனால் அது உயிர்பெறுகிறது.

ஈழத்துத் திறனாய்வுலகிலே 1960களில் சமூகப் பயன்பாட்டையும் கலையழகையும் எதிரெதிராக நிறுத்தி நடந்த வாதங்களை அறிந்தோருக்கு இவ்விளையாட்டு விவாதத்தின் குரல் பழக்கமானதாகவே ஒலிக்கும். அங்கும் சில வேளைகளில் கருத்து முக்கியமானது என்பதே படைப்புக்கு நற்சான்றாயிற்று. சில வேளைகளில் வாசிக்கச் சுவையானது என்பதே கருத்தின்மைக்குச் சமாதானமாயிற்று. வீடியோ விளையாட்டு விமர்சனத்தில் 'முக்கியம்' என்ற சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, பின்வரும் நிகழ்ச்சிகளுக்குக் காரணமாதல். மற்றது, தன்னளவிற் பொருட்செறிவு உடையதாதல். 'அரைவல்' முன்னைய பொருளில் முக்கியமானது. பின்னைய பொருளில் முக்கியமாகியிருக்கலாம், ஆகவில்லை.

பின்னைய பொருளில் மாத்திரம் முக்கியமான விரிவாக்கத்துக்குப் போலந்து நாட்டு நிறுவனமான சீடி புறொஜெக்ற் றெட் 2015 ஒக்ரோபரில் வெளியிட்ட 'ஹார்ட்ஸ் ஒஃப் ஸ்ரோன்' தக்க உதாரணம். அது 'த விட்சர் 3' என்னும் விளையாட்டின் விரிவாக்கம். மூலக் கதை, கெரால்ட் என்னும் பூதவேட்டைக்காரன் தன் வளர்ப்பு மகளைத் தேடும் கதை. விரிவாக்கத்துக்கும் அத்தேடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இறவாமைக்காகத் தன் நெஞ்சின் ஈரத்தை விற்ற ஓல்கியெர்ட் என்னும் பிரபுவும், அவ்விற்பனையின் மறுபுறத்தில் நிற்கும் கண்ணாடி வணிகனும் அதன் நாயகர். போலந்து நாட்டுப் பழங்கதையான த்வர்தோவ்ஸ்கியின் சாயல் அதிற் படிந்துள்ளது. அன்பு வற்றிய கணவனோடு வாழ்ந்து மடிந்த ஐரிஸ் என்னும் ஓவியப் பெண்ணின் ஓவியத்துக்குள்ளே கெரால்ட் நுழைந்து, அவளுடைய நினைவுகளைக் காட்சி காட்சியாகக் கடந்து செல்வதும், அவள் கையிலிருக்கும் மலரை எடுப்பதா விடுவதா என்று நிற்பதும் அவ்விரிவாக்கத்தின் உச்சம். அதே விரிவாக்கத்திலேதான் கெரால்டின் உடலுக்குள் ஆவியொன்று புகுந்து கிராமத்துத் திருமணத்திலே கூத்தடிக்கும் பகுதியும் வருகிறது. சிரிப்பும் துயரும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகவில்லை. பாரதத்தின் வன பருவத்திலே தருமனுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட நளன் கதையைப் புகழேந்தி தனி நூலாக்கியது போன்று, இதனையும் மூலத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தலாம். எதற்கும் காரணமாகாமையே அதற்குச் சுதந்திரமாயிற்று. எவரையும் எதனையும் அடுத்த பகுதிக்கு ஒப்படைக்க வேண்டிய கடமை அதற்கில்லை.

இதற்கு நேர்மாறான கடமையை மேற்கொண்டு, ஆக்கத்தில் வென்று, வேறொரு வகையில் தோற்றது பயோவெயாரின் 'ட்ரெஸ்பாசர்'. 2014இல் வெளியான 'டிரகன் ஏஜ்: இன்குவிசிஷன்' விளையாட்டின் இறுதி விரிவாக்கமாக அது 2015 செப்ரெம்பரில் வந்தது. மூல விளையாட்டு முடிந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னர் நடப்பது. உடனிருந்த சோலஸ் என்னும் தோழனே பழங்கதைகள் கூறும் வஞ்சகத் தெய்வம் என்பதும், உலகுக்கும் ஆவியுலகுக்கும் இடையிலுள்ள திரையைக் கிழிக்க அவன் எண்ணியுள்ளான் என்பதும் இதிலே நேருக்கு நேர் தெரியவருகின்றன. தலைமைப் பாத்திரம் தன் இடது கையை இழக்கிறது. கட்டியெழுப்பிய அமைப்பைக் கலைப்பதா, பிறர்க்குக் கீழ்ப்படுத்தி நிலைநிறுத்துவதா என்ற தெரிவும் உண்டு. 'அரைவலின்' பிழைகள் எவையும் இங்கில்லை. தோழர்கள் உடனுள்ளனர், தெரிவு மெய்யானது, பிரிவுரையாடல்கள் நெஞ்சைத் தொடுவன. ஐயமின்றி இது மூல விளையாட்டின் மெய்யான முடிவு.

மெய்யான முடிவு என்பதே வழக்கு. மூல விளையாட்டுக்கு முழு விலை கொடுத்தவர் அதன் முடிவுக்கெனப் பத்து மாதங்களின் பின்னர் பதினைந்து டொலர் மீண்டும் கொடுக்க வேண்டியவரானார். அதனிலும் கொடியது வேறொன்றுண்டு. மூல விளையாட்டு பிளேஸ்ரேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகிய பழைய பொறிகளுக்கும் விற்கப்பட்டிருந்தது; 'ட்ரெஸ்பாசர்' அவற்றுக்கு வெளியிடப்படவே இல்லை. அப்பொறிகளை வைத்திருந்தோர் சேமித்த ஆட்டத்தைப் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்யப்பட்டது உண்மையே. புதிய பொறியை வாங்க வசதியற்றவருக்கு அது வழியாகாது. அவர் காசு கொடுக்க ஆயத்தமாக இருந்தும் தாம் தொடங்கிய கதையின் முடிவைத் தம் பொறியில் வாங்க முடியாதவரானார்.

அக்கதையின் தொடர்ச்சியான 'த வெயில்கார்ட்' 2024 ஒக்ரோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. சோலஸ் திரையைக் கிழிக்கும் சடங்கை நடத்திக்கொண்டிருக்கும் வேளையிலே அது தொடங்குகிறது. விரிவாக்கத்தைக் காணாதவருக்கு அவனது நோக்கத்தைச் சில உரையாடல்கள் எடுத்துச் சொல்கின்றன. 'அரைவலை' வாங்காதவருக்கு மூன்றாம் 'மாஸ் எஃபெக்ற்' சொன்னது போலவே. செய்தி குறைவின்றிப் போய்ச் சேர்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அத்தோழன் விடைபெற்றுத் திரும்பி நடந்ததைக் கண்டவர் அவனைத் தடுக்க ஓடுகிறார். காணாதவர் யாரோ ஒரு மந்திரவாதியைத் தடுக்க ஓடுகிறார்.